இருட்டறையில் கோழிக்குஞ்சுகள்

கோழிக்குஞ்சு வளர்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்கிறவர்கள் எல்லாம் கோழிக்குஞ்சு விற்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். குஞ்சுக்காரரும் அப்படித்தான் சொன்னார்.

"சூடு வேணும், தண்ணி வேணும், தீனி வேணும், காத்து அடிக்கக் கூடாது. அவ்வளவுதாம்மா. மனுஷப் பிள்ளையை விட லேசு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம் பாருங்க."

சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டி அவள் கையில் கொடுத்தார். பெட்டியில் கனமே இல்லை, ஆனால் அதற்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டால் உள்ளே ஒரு சந்தையே நடக்கிறது என்று நினைப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் பெட்டியை மடியில் வைத்து, வழி முழுவதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அவளைத் தெருவில் எல்லோரும் பிரேம்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்பக்கம் கடை. புருஷன் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் படம் எடுத்துக் கழுவி உலர்த்திக் கொடுப்பார், இவள் கண்ணாடி அறுத்து, சட்டம் வெட்டி, பின்பலகை அடித்துக் கொடுப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். இப்போது படம் எடுக்க யாரும் வருவதில்லை, சட்டம் போட மட்டும் வருகிறார்கள். அதிலும் முக்கால்வாசி செத்துப்போனவர்கள் படம். காலையில் கடையைத் திறந்தால் மாலை வரைக்கும் போனவர்கள் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைக்கிற வேலை. ஒருநாள் ஒரு கிழவரின் படத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது, சட்டத்துக்குள் போகாமல் கொஞ்ச நாள் ஓடியாடித் திரிகிற மாதிரி ஏதாவது ஒன்று இந்த வீட்டில் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குத்தான் இந்தப் பெட்டி.

வீட்டில் இன்னொருவர் உண்டு. புருஷனுடைய அக்கா. அவரை இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். மில்லில் நூல் சுற்றி ரிட்டயரானவர். தம்பி செத்த அன்றைக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஒல்லி உடம்பு, வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று மில்லில் அவரைக் கேலி செய்வார்களாம். அந்தக் கேலியைத் தானே சொல்லிச் சிரிப்பார். ஆனால் இவளைப் பார்த்துச் சிரித்து இரண்டு வருஷம் ஆகிறது.

பெட்டியைக் கூடத்தில் வைத்ததும் அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இது என்ன கூத்து?"

"கோழிக்குஞ்சு, அண்ணி. முட்டைக்கு ஆகும். வளர்ந்தா விக்கவும் செய்யலாம்."

"கோழின்னா உனக்கு என்ன தெரியும்? தட்டுல வந்தா திங்கத் தெரியும்."

"கத்துக்க வேண்டியதுதான். குஞ்சுக்காரர் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கார்."

அண்ணி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பெட்டி ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். முகம் ஒரு கணம் இளகின மாதிரிதான் இருந்தது. அப்புறம் நிமிர்ந்து சொன்னார்.

"ஒரே ஒரு உசிரு இருந்துச்சு இந்த வீட்ல. அதைப் பார்த்துக்கத் தெரியல. பெட்டி நெறைய உசிரு வாங்கிட்டு வந்திருக்கே."

இப்படித்தான் பேசுவார். சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி, எதிர்பாராத இடத்தில் வரும். அந்த நிமிஷமே அவள் மனசுக்குள் ஒரு வைராக்கியம் பிடித்துக்கொண்டாள். இதில் ஒன்றுகூடச் சாகக் கூடாது. ஒன்றுகூட.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. வீட்டின் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. டார்க் ரூம். அவள் மாமனார் காலத்திலிருந்தே அது படம் கழுவுகிற அறை. உள்ளே சிவப்பு பல்பு போட்டால் கதவுக்கு மேலே வெளியிலும் ஒரு சின்னச் சிவப்பு பல்பு எரியும். அது எரிந்தால் கதவைத் திறக்கக் கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் போதும், ஒரு வீட்டுக் கல்யாணமே கறுப்புக் காகிதமாகிவிடும். தட்டி, "வரலாமா?" என்று கேட்டு, உள்ளேயிருந்து "வா" என்று குரல் வந்த பிறகுதான் திறக்கணும். இது அந்த வீட்டில் சட்டம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம்.

அன்றைக்கு அவள் காபி எடுத்துக்கொண்டு போனாள். பல்பு எரிந்தது. தட்டினாள். வரலாமா என்று கேட்டாள். "வா" என்று சொல்லவில்லை. நின்றாள். மறுபடி தட்டினாள். நின்றாள். காபி ஆறிப்போய், சுட வைத்துக் கொண்டுவந்து, மறுபடியும் நின்றாள். கடைக்கு வந்த ஆள்தான் சந்தேகப்பட்டுக் கதவைத் தள்ளினார். உள்ளே அவர் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். நெஞ்சுவலி. டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த மீதிப் பாதியை யாரும் இதுவரை சொல்லவில்லை. சாயங்காலம் வந்து சேர்ந்த அண்ணி, அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு நேரம் நின்னே?"

தெரியலை என்றாள் அவள். நிஜமாகவே தெரியவில்லை. அதற்கப்புறம் அண்ணி அதே கேள்வியை எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டார். காய் நறுக்கும்போது, கொடியில் துணி போடும்போது. "காபி ஆறுற நேரம்னா எவ்வளவு இருக்கும்?" என்று ஒருநாள் திடீரென்று கேட்டார். அவள் எழுந்து கடைக்குப் போய்விட்டாள்.

குஞ்சுகளை எங்கே வைப்பது என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடையில் கண்ணாடிச் சில்லு. அடுப்படிக்குப் பூனை வரும். கூடத்தில் நாலு பக்கமும் ஜன்னல், காற்று பிய்த்துக்கொண்டு போகும். காற்று அடிக்கவே கூடாது என்று குஞ்சுக்காரர் மூன்று தடவை சொல்லியிருந்தார். காற்றே இல்லாத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அவளுக்கு அது முதலிலேயே தெரியும். தெரிந்தேதான் சுற்றிவந்தாள்.

பூட்டைத் திறந்தபோது படம் கழுவுகிற மருந்து வாசனை முகத்தில் அடித்தது. புளித்த, மூக்கைக் குத்துகிற வாசனை. அவர் சட்டையில், விரலில், தலையணையில் இருந்த வாசனை. கயிற்றில் படம் காயப்போடுகிற கவ்விகள் அப்படியே தொங்கின. அலமாரியில் காலியான பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நின்றன. அவள் வாசற்படியில் நின்று, அழுதுமுடித்து, பிறகு உள்ளே போய்க் கூட்ட ஆரம்பித்தாள்.

பெட்டி செய்வதில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பலகைக்கு வாங்கிவைத்த பிளைவுட்டை அறுத்து, நாலு மூலையும் பொருந்த அடித்தாள். ஒரு பெரிய குடும்பப் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி நேர்த்தியாக இருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பழைய சிவப்பு பல்பு இருந்த இடத்திலிருந்து ஒயர் இழுத்துப் பெட்டிக்குள் பெரிய சிவப்பு பல்பாக ஒன்று தொங்கவிடச் சொன்னாள். சிவப்பாக இருந்தால் ஒன்றை ஒன்று கொத்தாது என்று குஞ்சுக்காரர் சொல்லியிருந்தார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே பல்பு எரிந்தது. கதவுக்கு மேலே வெளியிலிருந்ததும் எரிந்தது.

அவள் கதவுக்கு மேலே கையைக் காட்டினாள்.

"அதை மட்டும் வெட்டி விட்ருங்களேன், அண்ணே."

"ரெண்டும் ஒரே லைனும்மா. செவுத்தை உடைச்சாத்தான் பிரிக்க முடியும். அடுத்த வாரம் வந்து பாக்குறேன்" என்றார் எலக்ட்ரீஷியன். எலக்ட்ரீஷியன்களுக்கு அடுத்த வாரம் எப்போது வரும் என்று ஊருக்கே தெரியும்.

ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அலகைத் தண்ணீரில் மெல்லத் தொட்டு, குடிக்கக் காட்டி இறக்கினாள். அப்படிச் செய்தால்தான் தண்ணீர் என்றால் என்னவென்று அதுகளுக்குத் தெரியுமாம். தண்ணீர்த் தட்டில் விழுந்து மூழ்கிவிடாதபடி கூழாங்கல் போட்டாள். எல்லாம் சரியாகச் செய்தவள் ஒரு தப்புச் செய்தாள். அலமாரியில் பெட்டி பெட்டியாகப் போட்டோ பேப்பர் வீணாகக் கிடந்தது. பளபளப்பான, கெட்டியான தாள். கீழே விரித்தால் சுத்தமாக இருக்கும், துடைக்க லேசு என்று அதைப் போட்டாள். வேறு எந்த வீட்டிலும் யாரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள். மறுநாள் பார்த்தால் குஞ்சுகள் எல்லாம் எண்ணெய்த் தரையில் நடக்கிற மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக் கால் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து, எழுந்திருக்க முடியாமல் வயிற்றால் தவழ்ந்தது.

குஞ்சுக்காரருக்குப் போன் போட்டாள்.

"எதை விரிச்சீங்க?"

சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்லம்மா. உடனே எடுங்க. தச்சர் கிட்ட மரச்சுருள் வாங்கிப் போடுங்க, கால் பிடிமானம் கிடைக்கும். அந்தக் குஞ்சுக்கு ரெண்டு காலையும் சேர்த்து, நடுவுல கொஞ்சம் இடம் விட்டு, லேசா டேப் ஒட்டி விடுங்க. நிமிர்ந்துரும்."

சட்டத்துக்குப் பின்னால் ஒட்டுகிற டேப்பை ஈர்க்குச்சி அகலத்துக்கு வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். அது இரண்டு நாள் கைதி மாதிரி தத்தித் தத்தி நடந்தது. மூன்றாம் நாள் டேப்பை எடுத்ததும் மற்றவற்றோடு ஓடிப்போய்க் கலந்துவிட்டது. எது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். அண்ணியும் அதைக் கவனித்தார்.

நாள் போகப்போக அவளுக்கு அதுகளின் பாஷை பிடிபட்டது. சூடு சரியாக இருந்தால் பெட்டி முழுக்கப் பரவி, முணுமுணுவென்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சூடு அதிகமானால் மூலைக்கு ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். குளிர்ந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து, காதைத் துளைக்கிற மாதிரி கத்தும். "அப்படிக் குவிய விடவே கூடாதும்மா, அடியில மாட்டினது நசுங்கிச் செத்துரும்" என்று குஞ்சுக்காரர் எச்சரித்திருந்தார். படம் கழுவுகிற மருந்தின் சூடு பார்க்கப் புருஷன் வைத்திருந்த கண்ணாடிக் குச்சியைத்தான் பெட்டியில் தொங்கவிட்டிருந்தாள்.

எல்லாம் பழகியது. கதவு மட்டும் பழகவில்லை.

தீனி எடுத்துக்கொண்டு போவாள். மேலே பல்பு எரியும். கை தானாகத் தட்டிவிடும். "வரலாமா?" என்று வாய் கேட்டுவிடும். தட்டின சத்தத்தில் உள்ளே முணுமுணுப்பு சட்டென்று நின்றுபோகும். அந்த அமைதிதான் அவளைக் கொன்றது. யாரோ உள்ளே கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, பதில் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கும். அவள் நிற்பாள். உள்ளே இருப்பது கோழிக்குஞ்சு, கோழிக்குஞ்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைத் தள்ளுவாள். ஒவ்வொரு தடவையும் தள்ளும்போது, தரையில் அவர் கிடப்பார் என்று அரை நொடி நிச்சயமாக நம்புவாள். தரையில் மரச்சுருள்தான் சிதறிக் கிடக்கும்.

அண்ணி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"கோழிக்குஞ்சு கிட்ட பர்மிஷன் கேக்குறியா? அதுங்க என்ன, உள்ளார குளிச்சிட்டு இருக்கா?"

"பழக்கம், அண்ணி. கை போயிடுது."

"பழக்கமாம் பழக்கம். போட்டோ இல்ல, ஒரு மண்ணும் இல்ல, இனிமே யார் வெளிச்சத்தை விட்டா என்ன கெட்டுப்போகுது? தள்ளிட்டுப் போ. அன்னிக்கும் அப்படித் தள்ளியிருந்தா..."

அவரும் டாக்டர் மாதிரி பாதியில் நிறுத்தினார். பிறகு, பேச்சை மாற்றுகிறவர்போலச் சொன்னார்.

"நான் ஒருவாட்டி திறந்திருக்கேன், தெரியுமா? சின்னப் புள்ளையில. பல்பு எரியுது, எனக்குப் பொறுக்கல, உள்ள அப்பா என்ன பண்றார்னு பார்க்கணும். தொறந்துட்டேன். அப்பா வாழ்க்கையில என்னை அடிச்சது அந்த ஒரு அடிதான். இந்தக் காதுல ஒரு வாரம் வண்டு ரீங்காரம். தம்பி என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தான், ராஸ்கல்."

சொல்லும்போது கை அந்தக் காதுக்குப் போயிற்று. பிறகு குனிந்து கல் பொறுக்கினார். அந்தக் கதவுப் பக்கம் அவர் வந்து நின்று அவள் பார்த்ததே இல்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகக்கூட, டார்க் ரூமை ஒட்டிய நேர்வழியை விட்டுவிட்டுக் கொல்லையைச் சுற்றித்தான் போவார். இரண்டு வருஷமாக அப்படி. அவள் அதைக் கேட்டதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாளாக வானம் வெளுக்கவே இல்லை. துணி காயவில்லை, பசை காயவில்லை, சட்டத்தின் மூலைகள் விட்டுக்கொண்டன. தீனி மூட்டை அடியைத் தொட்டுவிட்டது. மத்தியானம் கொஞ்சம் தூறல் விட்ட நேரம் பார்த்து அவள் குடையை எடுத்தாள்.

"அண்ணி, தீனி வாங்கிட்டு வந்துடுறேன். இடையில ஒருவாட்டி உள்ள எட்டிப் பார்த்துக்கங்க. குவியாம இருக்கான்னு மட்டும்."

"நானா? அந்த ரூம்லயா? எனக்கு வேற வேலை இல்ல?"

"சத்தம் கேட்டா மட்டும் பாருங்க. கீச்சுகீச்சுன்னு ஒரேயடியா கத்தினா சூடு போதலைன்னு அர்த்தம். நனைஞ்சாலும் குளிர்ந்தாலும் செத்துடும்."

"சரி சரி, போ. கோழிக்குஞ்சு பார்க்க எனக்குப் படிப்பு வேணுமா? நூல் அறுந்த சத்தத்தை மில்லு நடுவுல கேட்டவ நான்."

போனவளுக்குத் திரும்புவதற்குள் மழை மறுபடி கொட்டிவிட்டது. கடைக்காரர் கொஞ்சம் நின்று போங்கள் என்றார். அவள் நிற்கவில்லை. மூட்டையைப் பாலிதீன் தாளில் சுற்றிக் குடைக்குள் வைத்து, தான் நனைந்துகொண்டு நடந்தாள். தெருமுனையிலேயே அவளுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. மழையைத் தாண்டிக் கேட்டதா, மனசுக்குத்தான் கேட்டதா, அவளுக்குத் தெரியாது. ஓடினாள்.

வாசலைத் தாண்டியபோது சந்தேகமே இல்லை. கீச்சொலி வீடு முழுக்கக் கிழித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. அடுப்படியில் யாரும் இல்லை. டார்க் ரூம் கதவுக்கு முன்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தார்.

கதவு சாத்தியபடியே இருந்தது. மேலே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணியின் ஒரு கை கதவில் பதிந்திருந்தது. தள்ளவில்லை, வெறுமனே பதிந்திருந்தது. இன்னொரு கை காதைப் பொத்தியிருந்தது. சிவப்பு வெளிச்சம் நரைத்த தலையில் விழுந்திருந்தது. அவள் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. கதவுக்கு அருகில் வாயை வைத்து, இதுவரை அவள் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி... வரலாமாடா? டேய், வரலாமா?"

அவளுக்குக் கையிலிருந்த மூட்டை நழுவிக் கீழே விழுந்தது. அண்ணி திரும்பினார். கண் இங்கே இல்லை.

"தட்டினேன். ரெண்டு மூணுவாட்டி தட்டினேன். சத்தம் வருது. ஆனா வான்னு சொல்லல. லைட்டு எரியுது பாரு..."

அவள் அண்ணியை விலக்கி, தட்டாமல், கேட்காமல், இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். அது சுவரில் போய் மோதியது.

உள்ளே இருட்டு. பெட்டியிலிருந்த பல்பு எரிந்துபோயிருந்தது. வெளியே இருந்தது மட்டும் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கூடத்து வெளிச்சத்தில் பெட்டியின் ஒரு மூலையில் மஞ்சளாக ஒரு குவியல் துடித்தது. அவள் முழங்கால் போட்டு விழுந்து, குவியலுக்குள் கையை விட்டுப் பிரித்தாள். மேலே இருந்தவை சிதறி ஓடின. நடுவில் இருந்தவை தள்ளாடின. அடியில் கிடந்தவை தட்டையாக, ஈரமாக, கழுத்துத் துவண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஊதிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் வாயைத் திறந்தது. மற்றவை திறக்கவில்லை. ஒன்றுகூடச் சாகக் கூடாது என்று நினைத்தவள், செத்ததுகளை ஓரமாக வரிசையாக வைத்தாள்.

"அண்ணி! வெந்நீர் போடுங்க! அந்த அலமாரியில இருக்கிற புட்டியில எல்லாம் ஊத்தித் துணி சுத்திப் பெட்டியில வைக்கணும். வந்து எடுங்க!"

அண்ணி வாசற்படியில் நின்றார். கால் உள்ளே வரவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடத்து வெளிச்சத்துக்கு எதிரே அந்த ஒல்லி உருவம் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"வாங்க, அண்ணி. வாங்க. உள்ள வாங்க."

அந்த அறையிலிருந்து யாராவது "வா" என்று சொல்லி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணி ஒரு காலை எடுத்து வைத்தார். அப்புறம் இன்னொன்று. அலமாரிக்குப் போய்ப் பழுப்புப் புட்டிகளை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார், அந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டம். நேர்வழியாகத்தான் ஓடினார்.

புட்டிகளில் வெந்நீர் நிரப்பி, பழைய துணி சுற்றிப் பெட்டியில் கிடத்தினார்கள். நடுங்கிக்கொண்டிருந்தவற்றை மட்டும் எடுத்து, பெட்டிக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டார்கள். அவளுடைய புடவை நனைந்திருந்ததால் அண்ணி தன் போர்வையைக் கொண்டுவந்து அவள் மடியில் விரித்தார். கீச்சொலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முணுமுணுப்பானது. வெளியே மழை.

அவள் அண்ணியைப் பார்த்தாள். இரண்டு வருஷம் அவள் சோற்றோடு சேர்த்து விழுங்கிய கேள்வி அது. இப்போது அவள் வாயில் வந்து நின்றது. கேட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. கேட்டும் விட்டாள்.

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

கேட்கும்போது தன் குரல் அண்ணியின் குரல் மாதிரியே ஒலித்தது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அண்ணி யோசித்தார். நிஜமாகவே கணக்குப் பண்ணிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தெரியலம்மா. இப்பத்தான் வந்து நின்ன மாதிரி இருக்கு. ஆனா காலு விண்விண்ணுன்னு தெறிக்குது."

இந்த நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்று சொன்னால் பொய்யில்லை. எத்தனையோ ராத்திரி படுத்துக்கொண்டு, அண்ணிக்கு ஒருநாள் இப்படி ஆகணும், அப்போதுதான் தெரியும் என்று சாபமிட்டிருக்கிறாள். ஆகிவிட்டது. ஒரு துளி சந்தோஷம் இல்லை. ஓரமாக வரிசையாகக் கிடந்தவற்றையே பார்த்தாள்.

"கொன்னுட்டேனா?" என்றார் அண்ணி.

"பல்பு போயிடுச்சு, அண்ணி. யார் கொன்னா?"

"நான் தள்ளியிருந்தா பொழச்சிருக்குமே."

பொழைத்திருக்கும்தான். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணி தலையைக் குனிந்து, மடியில் இருந்த ஒன்றின் முதுகை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அன்னிக்கு உள்ள என்ன சத்தம் கேட்டுச்சு?"

இதை அவர் கேட்டதே இல்லை. வேறு யாரும் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

"தட்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு. அவர்தான் எப்பவும் எதையாவது கீழ போடுவாரே. அப்புறம் குழாய்ல தண்ணி விழுந்துட்டே இருந்துச்சு. நிக்கவே இல்ல. சரி, படம் கழுவுறார், தண்ணிச் சத்தத்துல நான் தட்டுனது கேக்கல, முடிச்சிட்டுக் கூப்பிடுவார்னு நெனச்சேன். காபி ஆறிடுச்சேன்னு அதைத்தான் அண்ணி கவலைப்பட்டேன். காபியைத்தான்."

அண்ணி அந்தத் தொட்டியைப் பார்த்தார், காய்ந்து கறை படிந்த குழாயைப் பார்த்தார்.

"தண்ணிச் சத்தம் கேட்டா நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றார்.

அவளுக்கு உடைந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் கொல்லையிலும் கடையிலும் ஒளிந்து ஒளிந்து அழுதவள், இப்போது வாய்விட்டு, மூக்குச் சிந்தக்கூடக் கை இல்லாமல், மடி குலுங்கக் குலுங்க அழுதாள். அண்ணி நகர்ந்து வந்து, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். தன் முந்தானை நுனியை எடுத்து அவள் முகத்தைச் சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தார். அவர் கண்ணும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"அழு. நல்லா அழு. குஞ்சு மேல மட்டும் சொட்டாமப் பார்த்துக்க. நனைஞ்சா செத்துடும்னு நீதானே சொன்னே."